மூச்சைப் பங்கிட்ட தொழில்

முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலோர் ஒரு கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறார்கள்: கடலுக்குள் இறங்கியவர் எவ்வளவு நேரம் மூச்சடக்கி இருப்பார்? பதினான்காம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பை விவரித்த இப்னு பதூதா, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட உள்ளே இருப்பவர்கள் உண்டு என்றார். இலங்கையில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ராபர்ட் பெர்சிவல், 1803இல் வெளியான தம் நூலில், அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் 1797ஆம் ஆண்டுக் குளிப்பில் முழுதாக ஆறு நிமிடம் நீருக்கடியில் இருந்தார் என்று எழுதினார். அதே ஆண்டுக் குளிப்பைப் பற்றி எழுதிய லெ பெக், காரைக்காலிலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு ஏழு நிமிடம் கொடுத்தார். மறுபக்கம், போர்த்துகீசியர் காலத்து இலங்கையை எழுதிய ரிபெய்ரோ, விசுவாசப் பிரமாணத்தை இரண்டு முறை சொல்லி முடிக்கும் நேரம்தான் என்கிறார். அது ஏறத்தாழ ஒரு நிமிடம். மன்னார்க் கடலின் முத்துப் பார்களைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட், 87 வினாடிக்கு மேல் அடியில் இருந்த எவரையும் தாம் கண்டதில்லை என்று சொன்னதை, 1859இல் வெளியான தம் இலங்கை வரலாற்றில் எமர்சன் டெனென்ட் பதிவு செய்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போனவர்கள் நிமிடங்களைக் கூட்டினார்கள். வேலையோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர் வினாடிகளில் கணக்குச் சொன்னார்.

இந்த இரண்டு கணக்குகளில் எது சரி என்பது வெறும் எண்ணைப் பற்றிய சச்சரவு அல்ல. ஆறு நிமிடத்தை நம்பினால், முத்துக்குளிப்பு என்பது சில அபூர்வ மனிதர்களின் சாகசமாகிவிடும். அதன் வரலாறு அந்த நெஞ்சுக்கூட்டின் வலிமையோடு முடிந்துவிடும். 87 வினாடியை ஏற்றுக்கொண்டால் வேறொரு கேள்வி எழுகிறது. சாதாரண மனிதருக்குரிய ஒரு நிமிட மூச்சை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை இறங்கி, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு தொழிலை எப்படி நடத்த முடிந்தது? உழைக்கும் உடல் மூச்சை எப்படி ஆள்கிறது என்பதைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் உடலியல் கண்டறிந்தவற்றை அருகில் வைத்துப் பார்த்தால், விடை தெளிவாகிறது. அந்தத் தொழிலின் ஏற்பாடு முழுவதும் ஒரே நியதியின் மேல் நின்றது: மூச்சு விட முடியாதவருக்கு உழைப்பைக் குறை, அந்த உழைப்பை மூச்சு விடக்கூடியவரின் தோளுக்கு மாற்று. ஆகவே இந்தத் தொழிலின் பெருமை நீண்ட மூச்சில் இல்லை. குறுகிய மூச்சைப் பலருக்கிடையே பங்கிட்ட விதத்தில் இருக்கிறது.

தொழிலின் பழமையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கொற்கை முத்தைச் சங்க இலக்கியம் அறியும். மதுரைக்காஞ்சி அந்தத் துறையின் முத்தையும் சங்கையும் பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், பாண்டிய நாட்டின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இதே கரையில் நடந்த குளிப்பை விவரிக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவியதற்கும் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடியதற்கும் முத்துப் பார்கள் யார் கையில் என்ற போட்டி ஒரு முக்கியக் காரணம். பிறகு டச்சுக்காரர், அதற்குப் பின் ஆங்கிலேயர். கரைகள் இரண்டு: இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரைதான் குளிப்புக் காலம். பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம்களும், இலங்கைக் கரையில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் இறங்கினார்கள். அரசுகள் மாறின, மதங்கள் மாறின, வரி வாங்குபவர் மாறினார். கல்லும் கயிறும் மட்டும் ஏறத்தாழ மாறவில்லை.

அந்தக் கல்லையும் கயிற்றையும் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். நள்ளிரவு கடந்ததும் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். விடிந்த பின் பாரின் மேல் நின்று குளிப்புத் தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் கரை திரும்பும். பெர்சிவல் கண்ட காலத்தில் ஒரு படகில் பத்துப் பேர் குளிப்பவர்கள், கற்கள் ஐந்து. ஐவர் இறங்கும்போது மற்ற ஐவர் மேலே இளைப்பாறுவார்கள். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கருங்கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் பாதத்தை நுழைக்க ஒரு வளையம் விட்டிருப்பார்கள். குளிப்பவர் தண்ணீரில் நின்றபடி பாதத்தை வளையத்தில் ஊன்றுவார். சிப்பி அள்ளும் வலைப்பையைத் தம்மோடு எடுத்துக்கொள்வார். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையசைப்பார். மேலிருப்பவர் கயிற்றைத் தளர்த்தியதும் கல் அவரை நேராக அடிக்குக் கொண்டுபோகும். தரையைத் தொட்டதும் அவர் காலை எடுத்துவிட, கல் உடனே மேலே இழுக்கப்படும். எஞ்சிய அரை நிமிடத்துச் சொச்சத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிப்போட்டு, கயிற்றைச் சுண்டுவார். மேலே அந்த ஒரு சுண்டலுக்காகக் கையில் கயிற்றோடு காத்திருப்பவர் பையை இழுப்பார். குளிப்பவரும் கயிற்றைப் பற்றியபடி மேலே வந்துவிடுவார். இந்த முழுச் சுற்றும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இனி உடலின் பக்கம் வருவோம். ஓய்ந்திருக்கும் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. கடுமையாக ஓடும் விளையாட்டு வீரரிடம் இது நூறு லிட்டரைத் தாண்டும். இந்தப் பெருக்கத்தை யார் ஆணையிடுகிறார்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உடலியலின் மையக் கேள்விகளில் ஒன்று. ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு கூடுகிறது என்று நினைப்பது எளிது. ஆனால் 1905இல் ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நுரையீரலின் உள்ளறைக் காற்றில் கரியமில வாயுவின் பங்கு வெறும் 0.2 சதவீத அளவு உயர்ந்தாலே மூச்சின் அளவு இரு மடங்கானது. ஆக்சிஜன் கணிசமாகக் குறையும்வரை உடல் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்தில், கரியமில வாயுவால் வரும் அமிலத்தன்மையை அளக்கும் உணர்விடங்கள் உண்டு. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதன் வேலையை விளக்கிய பெல்ஜிய ஆய்வாளர் கார்னீல் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அன்றாட மூச்சின் கடிவாளம் பெரும்பாலும் கரியமில வாயுவின் கையில்தான்.

உழைக்கும் உடலில் ஒரு புதிர் எழுந்தது. கடுமையான உழைப்பில் தசைகள் ஏராளமாகக் கரியமில வாயுவைக் கக்குகின்றன. ஆனால் தமனி இரத்தத்தில் அளந்தால் அதன் அளவு ஏறத்தாழ ஓய்வில் இருந்தபடியே நிற்கிறது. வாயு கூடிய பிறகுதான் மூச்சு கூடுகிறது என்றால், கூடாத வாயு எப்படி மூச்சைக் கூட்டும்? 1913இல் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோவும் யோஹான்னஸ் லிண்ட்ஹார்டும் இதற்கு ஒரு திறவுகோல் கொடுத்தார்கள். உழைப்புத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே மூச்சு துள்ளி எழுகிறது. தசையில் உண்டான வாயு இரத்தத்தில் ஏறி மூளையை எட்டுவதற்கு அவ்வளவு குறுகிய நேரம் போதவே போதாது. எனவே காலை அசை என்று தசைக்கு ஆணையிடும் மூளை, அதே வேளையில் மூச்சு மையத்தையும் முடுக்கிவிடுகிறது என்றார்கள். வேலை செய்யும் கைகால்களிலிருந்து நரம்பு வழியே திரும்பிவரும் செய்திகளும் மூச்சைத் தூண்டுகின்றன என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் வலுப்பட்டது. இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சாரம் உறுதியானது. மூளையின் ஆணை முன்கூட்டியே மூச்சைக் கூட்டுகிறது, தசையின் செய்தி அதைத் தாங்குகிறது, கரியமில வாயு கூடுதல் குறைச்சலைச் சரிபார்க்கிறது. உழைப்பும் மூச்சும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நடக்கும்படி உடல் அமைந்திருக்கிறது.

முத்துக்குளிப்பவரின் நிலை இங்கேதான் தனித்துத் தெரிகிறது. மூச்சைக் கூட்டு என்ற எல்லா ஆணைகளும் வரும். நிறைவேற்ற வழி இராது. நிலத்தில் ஓடுபவருக்கு உழைப்பு கூடினால் மூச்சு கூடிக் கணக்கு நேராகும். நீருக்கடியில் கணக்கை நேராக்க ஒரே வழி உழைப்பைக் குறைப்பது. எண்களை வைத்துப் பார்க்கலாம். நெஞ்சு நிறைய இழுத்த மூச்சில் ஐந்தாறு லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஒரு லிட்டர். இரத்தத்தில் இருப்பதையும் சேர்த்தாலும் மொத்த இருப்பு இரண்டு லிட்டருக்குள் அடங்கிவிடும். அதிலும் கடைசிப் பகுதியைத் தொடும் முன்பே நினைவு தப்பிவிடும். அசையாமல் இருக்கும் உடல் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறது. வேகமாக நீந்தும் உடல் நிமிடத்துக்கு இரண்டு லிட்டரைக்கூடச் செலவழிக்கும். அதாவது ஒரே மனிதரின் ஒரே மூச்சு, அசையாமல் இருந்தால் சில நிமிடம் தாங்கும்; கைகால் அடித்து நீந்தினால் ஒரு நிமிடத்துக்குக்கூடப் பற்றாது. கரியமில வாயுவும் அதே விகிதத்தில் சேர்வதால், மூச்சுக்கான தவிப்பும் உழைப்பின் வேகத்துக்கேற்ப முந்திக்கொண்டு வரும். மூச்சின் நீளத்தை முடிவு செய்வது நுரையீரலின் அளவைவிடத் தசையின் செலவுதான்.

இந்தக் கணக்கோடு கல்லையும் கயிற்றையும் மறுபடி பார்த்தால் ஒவ்வொன்றும் தன் காரணத்தைச் சொல்கிறது. நிறைந்த மூச்சோடு உள்ள உடல் மிதக்கும். அதை உந்தி அடிக்குக் கொண்டுசெல்வதுதான் மூழ்குதலில் பெரிய செலவு. அந்தச் செலவைக் கல் ஏற்றுக்கொண்டது. கல்லை மீண்டும் மேலே தூக்கும் வேலையைப் படகில் நிற்பவர் ஏற்றுக்கொண்டார்; அவர் வேண்டிய மட்டும் மூச்சு வாங்கலாம். நிறைந்த சிப்பிப் பையின் பாரமும் அவருடையதே. குளிப்பவருக்கு என்று விடப்பட்டது, யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாத ஒரே வேலை: கண்ணால் கண்டு கையால் பொறுக்குவது. மேலே வருவதில் கயிற்றின் பங்கு இன்னும் முக்கியம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நுரையீரலில் உள்ள ஆக்சிஜன் அதிக அழுத்தத்தோடு இரத்தத்துக்குள் இறங்குவதால் போதுமானது போலத் தோன்றும். மேலேறும் சில வினாடிகளில் அந்த அழுத்தம் பாதியாகிறது. அடியில் தெளிவாக இருந்தவர் நீர்மட்டத்தை நெருங்கும்போது நினைவிழப்பது இதனால்தான். அந்த ஆபத்தான கடைசி மீட்டர்களில் குளிப்பவர் உதைத்து நீந்தி ஆக்சிஜனைச் செலவழிக்கத் தேவையில்லாதபடி கயிறு இருந்தது.

இரண்டு பேருக்கு ஒரு கல் என்ற ஏற்பாடும் அதே நியதியின் நீட்சி. ஒருவர் இறங்கும்போது மற்றவர் மிதந்தபடி மூச்சு வாங்கினார். ஒவ்வொரு முழுக்குக்கும் பின் சேர்ந்த கரியமில வாயு வெளியேறவும், இருப்பு நிறையவும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தனிமனிதரின் விவேகத்துக்கு விட்டுவிடாமல், கற்களின் எண்ணிக்கையே வரையறுத்தது. இந்த இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பசிபிக் பெருங்கடலின் துவாமோட்டு தீவுகள் காட்டுகின்றன. அங்கே சிப்பிக்காக முப்பது மீட்டருக்கும் கீழே, குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியவர்களைத் தாரவானா என்ற நோய் தாக்கியது: தலைசுற்றல், முடக்கம், சித்தக் கலக்கம், சில நேரம் சாவு. 1965இல் இதை விவரித்த கிராஸ், அருகிலுள்ள மங்காரேவாவில் இதே போன்ற ஆழத்துக்கு இறங்கியவர்களிடம் அந்த நோய் காணப்படவில்லை என்றும், அவர்கள் இரண்டு முழுக்குகளுக்கிடையே பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்தார்கள் என்றும் குறிப்பிட்டார். மன்னார்க் கடலின் ஆழம் குறைவு. அதற்கு அந்த அளவு ஓய்வு தேவைப்படவில்லை. ஆனால் ஓய்வைத் தொழிலின் அமைப்புக்குள்ளேயே கட்டிவைத்தார்களா, விட்டுவிட்டார்களா என்பதில் உயிரே அடங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொரு சான்று கொரியாவிலும் ஜப்பானிலும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்களிடமிருந்து வருகிறது. 1960களில் சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் ஆகிய உடலியலாளர்கள் இவர்களை விரிவாக ஆராய்ந்தார்கள். இவர்களில் இரண்டு வகை உண்டு. துணையில்லாமல் தாமே நீந்தி இறங்குபவர்கள் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில், அரை நிமிட முழுக்குகளாக வேலை செய்தார்கள். எடையைப் பிடித்து இறங்கி, படகில் இருக்கும் துணைவர், பெரும்பாலும் கணவர், கயிற்றால் இழுக்க மேலே வருபவர்கள் இருபது மீட்டர் வரை இறங்கி, ஒரு நிமிடம் உள்ளே இருந்தார்கள். இரு வகையினரும் ஒரே கடலோரத்து உழைப்பாளிகள். வேறுபாடு எடையிலும் கயிற்றிலும் இருந்தது. மேலே ஓர் ஆள் மூச்சு வாங்கி உழைத்ததால் கீழே இருப்பவருக்கு மும்மடங்குக்கு மேல் ஆழமும் இரு மடங்கு நேரமும் கிடைத்தன. மன்னார்க் கடலின் முறை இந்த இரண்டாம் வகையோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதன் நேரமும் அவ்வாறே ஒரு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் எதிர்கொள்ள வேண்டும். மனிதரால் ஆறு நிமிடம் மூச்சடக்க முடியாது என்று எப்படிச் சொல்வது, 2009இல் பிரான்சின் ஸ்தெஃபான் மிஃப்சுத் 11 நிமிடம் 35 வினாடி மூச்சடக்கினாரே என்று கேட்கலாம். அவர் அதைச் செய்தது நீச்சல் குளத்தில், அசையாமல் மிதந்தபடி. மேலே கண்ட கணக்கு அப்படியே செல்லுபடியாகிறது: தசை செலவழிக்காதபோது மூச்சு நீள்கிறது. அது ஒரு நாளின் ஒரே முயற்சி. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருக்கிறது. முத்துக்குளிப்பவரின் நாள் நாற்பது முழுக்குகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் கைகள் வேலை செய்தாக வேண்டும். ஒருநாள் ஒருவர் பந்தயத்துக்காகக் கூடுதல் நேரம் உள்ளே இருந்து காட்டியிருக்கலாம். அதைத் தொழிலின் அளவாகக் கொள்வது, ஓட்டப்பந்தயத்தின் வேகத்தை வைத்து நாள் முழுதும் நடக்கும் தபால்காரரின் வேலையை மதிப்பிடுவதைப் போன்றது.

இவர்களின் உடலே வேறு வகையானது, தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் பழகியது என்ற வாதம் இன்னும் வலுவானது. அதில் உண்மையும் உண்டு. முகம் நீரில் மூழ்கி மூச்சு நிற்கும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தசைகளுக்குப் போகும் இரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் வடமுனையில் டோரஸ் நீரிணைப் பகுதியின் முத்துக்குளிப்பவர்களை ஆராய்ந்து ஷோலாண்டரும் அவர் குழுவினரும் 1962இல் வெளியிட்ட முடிவுகளில், முழுக்கின்போது துடிப்பு குறைவதும், மேலே வந்த பிறகு தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் இரத்தத்தில் வெள்ளமாகக் கலப்பதும் தெரிந்தன. கொரியப் பெண்களின் மண்ணீரல் முழுக்கின்போது சுருங்கிச் சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்ப்பது 1990இல் வெளிவந்தது. தென்கிழக்காசியாவின் பஜாவ் கடலோடிகளின் மண்ணீரல், அருகில் வாழும் நிலவாசிகளுடையதைவிட ஏறத்தாழ பாதியளவு பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. நெடுநாள் மூழ்கிப் பழகியவர்களிடம் கரியமில வாயுவுக்கு எழும் தவிப்பும் மழுங்கியிருக்கிறது. ஆனால் இவற்றில் துடிப்பு தணிவது நம் எல்லோரிடமும் ஓரளவு உள்ள அனிச்சைச் செயல். மற்றவை கூட்டித்தருவது இருப்பின் ஒரு சிறு பகுதியை. கல் இல்லாமல் நீந்தி இறங்கினால் செலவு பல மடங்காகும். எந்த மண்ணீரலும் அதை ஈடுகட்டாது. உடலின் பழக்கம் தொழிலுக்கு உதவியது, தொழிலைத் தாங்கியது ஏற்பாடு.

கல்லும் கயிறும் குளிப்பவரின் நலனுக்காக வந்தவை அல்ல, அதிகச் சிப்பி எடுக்கும் பேராசைக்காக வந்தவை என்பது மூன்றாவது மறுப்பு. இதைப் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும். குளிப்பவர்களுக்குக் கூலி பணமாக அல்ல, சிப்பியின் பங்காகக் கிடைத்தது. இலங்கையில் ஒரு காலம் நான்கில் ஒன்று, பின்னர் மூன்றில் ஒன்று. விரைவாக இறங்கி அதிகம் வாரினால் அரசுக்கும் லாபம், அவருக்கும் லாபம். இந்த இடத்தில் லாபமும் உடலின் தேவையும் ஒரே திசையில் இழுத்தன. அதனால்தான் இந்த முறை எத்தனையோ ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிலைத்தது. இரண்டும் வேறு திசையில் இழுத்த இடங்களில் உடல் தோற்றது. குளிப்பவர்களின் காதிலும் மூக்கிலும் வாயிலும் இரத்தம் வடிந்ததையும், அந்த நிலையிலும் அவர்கள் மீண்டும் இறங்கியதையும் பெர்சிவல் எழுதியிருக்கிறார். அழுத்தத்தால் செவிப்பறை கிழிவதைத் தடுக்கக் கல்லாலும் முடியாது, கயிற்றாலும் முடியாது. இறங்கும் வேகம் அதைக் கடுமையாக்கவும் கூடும். பெரிப்ளஸ் சொல்லும் குற்றவாளிகளை நினைத்துக்கொண்டால், இந்தத் தொழிலின் தொடக்கத்தில் மனித உயிருக்கு என்ன விலை வைத்திருந்தார்கள் என்பது புரியும். ஏற்பாட்டின் நுட்பத்தைப் போற்றுவது, அதன் கொடுமையை மறைப்பதாக ஆகிவிடக் கூடாது.

கரியமில வாயுவைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று சொல்லும் ஆசையையும் இங்கே தவிர்க்க வேண்டும். அவர்கள் அறியவில்லை, அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏன் மூச்சு முட்டுகிறது என்று விளக்கத் தெரிவது ஓர் அறிவு. எப்போது முட்டும், அதைத் தள்ளிப்போட என்ன செய்ய வேண்டும் என்று தெரிவது இன்னோர் அறிவு. இரண்டாவது அறிவு பல தலைமுறைகளின் முயற்சியிலும் இழப்பிலும் சேர்ந்தது. தவறான முறைக்கு அங்கே உடனடித் தண்டனை இருந்தது. இன்று மூடநம்பிக்கை என்று தள்ளப்படும் ஒரு வழக்கம்கூட இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல் கட்டி என்பவர் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மார்க்கோ போலோ காலத்திலும் அந்த வேலைக்குச் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு போனது. மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பதல்ல பொருட்டு. அச்சம் இதயத் துடிப்பைக் கூட்டும், தசையை இறுக்கும், மூச்சைத் தூண்டும். அச்சத்தோடு இறங்குபவரின் மூச்சு சீக்கிரம் தீரும். அச்சத்தைப் போக்கிய எதுவும் மூச்சைக் காத்தது.

நவீன முறை வந்தபோது என்ன நடந்தது என்பது இந்த வாதத்துக்குக் கடைசிச் சான்று. தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட முழுக்குடை மூச்சடக்கும் தேவையையே நீக்கிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் முழுக்காளர்கள் ஆழத்தில் சிறிது வேலை செய்தாலும் மூச்சிரைத்துத் தளர்ந்தார்கள். 1906, 1907ஆம் ஆண்டுகளில் இதை ஆராய அழைக்கப்பட்டவர் அதே ஹால்டேன். கவசத்துக்குள் கரியமில வாயு தேங்குவதுதான் காரணம் என்றும், ஆழம் கூடக் கூட மேலிருந்து அனுப்பும் காற்றின் அளவும் கூட வேண்டும் என்றும் அவர் காட்டினார். அதாவது கீழே உழைப்பவரின் மூச்சு மறுபடியும் மேலே விசைப்பம்பை இயக்குபவர்களின் கைகளைச் சார்ந்திருந்தது. காற்றே குழாய் வழி வந்தபோதும், உழைப்புக்கும் மூச்சுக்கும் உள்ள கணக்கைத் தனியாளால் நேர்செய்ய முடியவில்லை. மன்னார்க் கடல் நெடுங்காலம் கடைப்பிடித்த நியதியைத்தான் அறிவியல் தன் மொழியில் மறுபடி வகுத்தது.

ஹால்டேனின் ஆய்வு வெளியான அதே 1905இல், இலங்கைக் கரையில் வரலாற்றிலேயே மிகப் பெரிய குளிப்புகளில் ஒன்று நடந்து, அரசுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டித் தந்தது. அதன் பிறகு பார்கள் தேய்ந்தன. இலங்கையில் 1925ஆம் ஆண்டோடும், தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடும் பெரும் முத்துக்குளிப்பின் காலம் முடிந்தது. எஞ்சியிருப்பது பதிவேடுகளும் பயணிகளின் நூல்களும்தான். அவற்றில் ஆறு நிமிடம் இருந்தவர்கள் இடம்பெறுகிறார்கள், முத்தை ஏலம் எடுத்த வணிகர்கள் இடம்பெறுகிறார்கள், வருவாய்க் கணக்கு பைசா சுத்தமாக இடம்பெறுகிறது. படகின் விளிம்பில் நின்று, ஒரு சுண்டலுக்குக் காத்து, கல்லையும் பையையும் நாளெல்லாம் இழுத்தவர்கள் செலவுக் கணக்கில் ஒரு வரியாக முடிந்துபோனார்கள். உடலியல் அவர்களை உரிய இடத்தில் நிறுத்துகிறது. நீருக்கடியில் நடந்த உழைப்பின் பெரும்பகுதியை உண்மையில் செய்தவர்கள் அவர்களே. குளிப்பவரின் ஒவ்வொரு கூடுதல் வினாடியும் அவர்களின் மூச்சிலிருந்து வந்தது. முத்துக்குளிப்பின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் ஒற்றை நாயகனின் நுரையீரலை அளப்பதை விட்டு, கயிற்றின் இரு முனைகளிலும் இருந்தவர்களைச் சமமாக எண்ணத் தொடங்க வேண்டும். ஆபத்தான வேலைகளில் ஒருவரின் திறமையை வியந்துவிட்டு, அவரைத் தாங்கும் துணையையும் ஓய்வையும் செலவு என்று வெட்டிவிடும் வழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. துணையும் ஓய்வும் தொழிலின் பகுதியே என்பதை நம் கரையோர மக்கள் தங்கள் உடலால் நிறுவிக் காட்டியிருக்கிறார்கள். அதை மறந்து அவர்களைப் பாராட்டுவது பாராட்டே ஆகாது.